உருவப்படத்திற்கு டிஃப்யூஷன் ஃபில்டர்: ஒரு படத்தில் அழகு, இன்னொரு படத்தில் புகைமூட்டம். ஏன்?

உருவப்பட ஆர்வலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பெரும்பாலும் உருவப்படங்களே எடுக்கிறேன். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ., 85 மி.மீ. என இரண்டு லென்ஸ்களைப் பயன்படுத்துகிறேன். இரண்டுமே அண்மைக்காலத் தயாரிப்புகள் என்பதால், கூர்மைக்குக் குறைவே இல்லை. சொல்லப்போனால், தேவைக்கு மேலேயே கூர்மை இருக்கிறது. எதிரே அமர்ந்து பேசும்போது நம் கண்ணுக்குத் தெரியாத தோல் துளைகளும் மெல்லிய உரோமங்களும் படத்தைப் பெரிதாக்கியதும் முன்னால் வந்து நிற்கின்றன. இதைச் சற்றுத் தணிப்பதற்காக, ஒளியைச் சற்றுச் சிதறவைத்துப் படத்தை மென்மையாக்கும் டிஃப்யூஷன் ஃபில்டர்களில், பிளாக் மிஸ்ட் வகையில் 1/4 வலிமை கொண்ட ஒன்றை வாங்கினேன்.

முதலில் இரவு நேரத்தில், பின்னணியில் சிறுசிறு விளக்குகள் இருக்கும்படி ஒருவரை நிற்கவைத்து எடுத்தேன். விளக்குகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படர்ந்து, முகமும் இதமாகத் தெரிந்து, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. அதே ஃபில்டருடன் மறுநாள் பகலில் ஒரு பெரிய சன்னலின் அருகே, சன்னலின் பாதிப்பகுதி சட்டகத்திற்குள் தெரியும்படி ஒருவரை அமரவைத்து எடுத்தபோது, படம் முழுவதும் புகை படிந்தாற்போல் ஆகிவிட்டது. கருங்கூந்தல் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. முகத்தின் நிழற்பக்கம் வெளிறிப்போயிருக்கிறது. லென்ஸின் மேல் மூச்சுக்காற்று படிந்திருந்ததோ என்று பார்ப்பவர் கேட்கும் நிலை. இத்தனைக்குப் பிறகும் கன்னத்தின் தோல் துளைகள் அப்படியே இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

ஒரே ஃபில்டர் இரண்டு இடங்களில் இவ்வளவு மாறுபட்டு நடந்துகொள்வது ஏன்? 1/8 வலிமைக்கு இறங்கினால் இது சரியாகிவிடுமா? தோலை மென்மையாக்குவதற்கு இந்த வகை ஃபில்டர் உண்மையிலேயே ஏற்றதுதானா? இவை எல்லாவற்றையும் கணினியிலேயே செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்; அதைப் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

ஒளியமைப்பாளர் எழுதியது:

உங்கள் இரண்டு படங்களிலும் ஃபில்டர் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. மாறியது அதற்கு நீங்கள் கொடுத்த வெளிச்சம்.

மிஸ்ட் வகை ஃபில்டருக்குள் மிக நுண்ணிய துகள்கள் பரவியிருக்கின்றன. லென்ஸை நோக்கி வரும் ஒளியில் பெரும்பகுதி அந்தத் துகள்களுக்கு இடையே நேராகச் சென்றுவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் துகள்களில் பட்டுத் திசைமாறி, தான் விழவேண்டிய இடத்திற்குப் பக்கத்திலும் தொலைவிலும் போய் விழுகிறது. இந்தச் சிறு பகுதியின் விகிதம் எந்தப் படத்திலும் மாறுவதில்லை. ஆகவே சட்டகத்தில் எது மிகவும் பிரகாசமாக இருக்கிறதோ அதிலிருந்துதான் மிகுதியான ஒளி சிதறும். எது மிகவும் இருட்டாக இருக்கிறதோ அங்குதான் அந்தச் சிதறல் கண்ணில் படும்.

இரவுப் படத்தில் உங்கள் விளக்குகள் பிரகாசமானவை, ஆனால் அவை சட்டகத்தில் அடைத்துக்கொண்ட பரப்பு மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சிதறிய ஒளி அதனதன் சுற்றுப்புறத்தில் ஒளிவட்டமாகத் தெரிந்ததே தவிர, படம் முழுவதையும் மூடும் அளவுக்கு மொத்த ஒளி சேரவில்லை. சன்னல் படத்தில் நிலைமை வேறு. சட்டகத்தின் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ ஒரு பெரிய வெண்பரப்பு அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சிதறிய ஒளி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கூந்தலிலும் நிழற்கன்னத்திலும் ஒரு வெண்திரையாக விழுந்துவிட்டது. அது ஒளிவட்டமாகத் தெரிவதற்கு அங்கே வழியே இல்லை, ஏனென்றால் விளிம்பு என்று சொல்லும்படி சிறியதாக எதுவும் பிரகாசிக்கவில்லை.

இதனால்தான் ஃபில்டரின் வலிமையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வெளிச்சத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். 1/8 வலிமைக்கு இறங்கினால் அந்தச் சன்னல் படத்தில் புகைமூட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரவுப் படத்தில் உங்களுக்குப் பிடித்த ஒளிவட்டமும் கூடவே குறைந்துவிடும். அதைவிட, அதே 1/4 ஃபில்டரை வைத்துக்கொண்டு சன்னலைச் சட்டகத்திற்கு வெளியே தள்ளி எடுத்துப்பாருங்கள். சன்னலிலிருந்து வரும் ஒளி முகத்தில் விழட்டும், ஆனால் ஃபில்டரின் கண்ணாடியில் நேராக விழக் கூடாது. சன்னல் சட்டகத்திற்குள் தெரியாவிட்டாலும் அதன் ஒளி கண்ணாடியில் பட்டால் சிதறல் நிகழத்தான் செய்யும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, சன்னல் பக்கமாக லென்ஸுக்கு அருகே ஒரு கருப்பு அட்டையைக் கொண்டுவந்து, திரையில் கூந்தலின் கருமையை மட்டும் கவனித்துக்கொண்டே அட்டையை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் கருமை சட்டென்று திரும்பி வருவதைப் பார்ப்பீர்கள். அட்டையை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். பக்கவாட்டு ஒளியை மறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடு இதில் பாதி வேலையைச் செய்யும். ஆனால் ஃபில்டரை மாட்டியபின் ஹூடைக் கழற்றிப் பையில் போட்டுவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது.

வெண்மையான பின்னணித் திரைக்கு முன்னால் எடுக்கும் படங்களிலும் இதே சிக்கல் வரும். பின்னணி வெள்ளையாகத் தெரிவதற்குத் தேவையானதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூடுதலாக ஒளி கொடுத்தால், படத்தில் பின்னணி வெள்ளையாகவேதான் இருக்கும், ஆனால் அதிலிருந்து முகத்தின்மேல் சிதறும் ஒளி இரு மடங்காகிவிடும். ஃபில்டர் இல்லாதபோது பெரிதாகத் தெரியாத இந்தத் தாராளம், ஃபில்டர் இருக்கும்போது படத்தையே கெடுத்துவிடும்.

இனி வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டிஃபென் நிறுவனத்தின் ப்ரோ-மிஸ்ட், பிளாக் ப்ரோ-மிஸ்ட் என்ற இரண்டையும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு எளிதில் புரியும். இரண்டும் ஒளியைச் சிதறவைப்பவைதாம்; கருப்பு வகையில் கூடுதலாக உள்ள கரும்புள்ளிகள் சிதறும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வதால், நிழற்பகுதிகள் வெளிறுவது குறைகிறது. கருமையான கூந்தலும் ஆழ்ந்த நிறத் தோலும் உள்ளவர்களை எடுக்கும்போது இந்த வேறுபாடு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. நிழல் வெளிறும்போது தோலின் நிறமும் சேர்ந்தே சாம்பல் பூத்துவிடுகிறது. எனவே உங்கள் தேர்வில் பிழையில்லை. ஆனால் வலிமையைக் குறிக்கும் எண்களை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்திற்கு எடுத்துச்செல்லாதீர்கள். ஒருவருடைய 1/4 இன்னொருவருடைய 1/8 போல நடந்துகொள்ளலாம். கென்கோ போன்றவர்கள் எண் 05, எண் 1 என்று வேறு முறையிலேயே குறிக்கிறார்கள். இதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது.

---

தொகுப்பாளன் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட விளக்கத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் கேள்வியின் முக்கியமான பகுதி, அதாவது தோல், இன்னும் தொடப்படவில்லை.

மிஸ்ட் வகை ஃபில்டர் தோல் துளைகளை அழிப்பதற்கென்று உருவானதல்ல. ஒளியில் பெரும்பகுதி நேராகவே செல்வதால், நுண்விவரம் அனைத்தும் சென்சாரை அடைந்துவிடுகிறது. அதன்மேல் ஒரு மெல்லிய சிதறல் படிந்து, துளைக்கும் அதைச் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலுள்ள கான்ட்ராஸ்ட் சற்றுக் குறையும், அவ்வளவே. அது மட்டுமல்லாமல், நெற்றியிலும் மூக்கின் முனையிலும் எண்ணெய்ப் பசையால் பளபளப்பு இருந்தால், இந்த ஃபில்டர் அந்தப் பளபளப்பைச் சுற்றியும் ஒளிவட்டம் போட்டு அதைப் பெரிதாக்கிக் காட்டும். தோலை மென்மையாகக் காட்ட வாங்கிய பொருள் வியர்வையை விளம்பரப்படுத்துகிறது! ஆகவே ஃபில்டரை மாட்டும் நாளில் முகத்தைத் துடைக்க ஒரு டிஷ்யூவும் சிறிது பவுடரும் கையில் இருக்கட்டும்.

ஃபில்டரால் ஏற்பட்ட விளைவை எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க முடியாது என்பது என் அடுத்த கவலை. தெளிவாக எடுத்த ரா கோப்பிலிருந்து (சென்சாரின் பதிவு மாற்றப்படாமல் இருக்கும் கோப்பு) மென்மையான படத்தை உருவாக்கலாம். மென்மையாக எடுத்த படத்திலிருந்து தெளிவை மீட்பது அரிது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில், கான்ட்ராஸ்டையும் நுண்விவரத்தையும் கூட்டிக்குறைக்கும் கிளாரிட்டி, டெக்ஸ்சர் அளவுகளைச் சுழிக்குக் கீழே நகர்த்தி, மாஸ்க் போட்டு, அதாவது வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்னத்திற்கும் நெற்றிக்கும் மட்டும் அதைக் கொடுத்து, கண்ணிமை, உதட்டு விளிம்பு, புருவம் ஆகியவற்றைக் கூர்மையாகவே விட்டுவிடலாம். இப்படித் தேர்ந்தெடுத்து வேலைசெய்யும் அறிவு எந்தக் கண்ணாடித் துண்டுக்கும் கிடையாது. அது கண்ணையும் கன்னத்தையும் ஒன்றாகத்தான் பாவிக்கும். ஒளிவட்டமே வேண்டுமென்றால், படத்தின் நகல் ஒன்றை மங்கலாக்கி, இரண்டின் ஒளியையும் சேர்த்துக் காட்டும் ஸ்கிரீன் முறையில் மேலே வைத்து, வேண்டிய அளவுக்கு அதன் அடர்த்தியைக் குறைத்துக்கொள்ளலாம். புகைப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்டன் 1980-களில் ஒரே காட்சியின் கூர்மையான ஸ்லைடையும் மங்கலான ஸ்லைடையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் செய்துகாட்டிய அதே உத்திதான் இது.

வாடிக்கையாளருக்காக எடுப்பவர் என்றால் இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். "கொஞ்சம் தெளிவாக இருந்தால் நன்றாக இருக்குமே" என்று அவர் சொல்லிவிட்டால், ஃபில்டருடன் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்?

---

ஒளியமைப்பாளர் எழுதியது:

தோலைப் பற்றித் தொகுப்பாளன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒளிவட்டத்தையும் கணினியில் அதேபோல் உண்டாக்கிவிடலாம் என்பதை ஒரு சிறு கணக்கைப் பார்த்த பிறகு முடிவுசெய்வோம்.

சென்சார் பதிவுசெய்யக்கூடிய உச்ச வெண்மையை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் எரியும் ஒரு விளக்கு அதைப் போல 50 மடங்கு பிரகாசமானது என்று கொள்வோம். இரவுக் காட்சிகளில் இது மிகையான எண் அல்ல. ஃபில்டர் அந்த ஒளியில் 2 விழுக்காட்டைச் சிதறவைத்தால், சுற்றுப்புறத்தில் பரவும் ஒளியின் அளவு மொத்தம் 1. இப்போது ஃபில்டர் இல்லாமல் எடுத்த படத்தைக் கணினிக்குக் கொண்டுசெல்லுங்கள். சென்சாரில் விளக்கு 50 என்று பதிவாகவில்லை. உச்சத்தில் வெட்டுப்பட்டு 1 என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதில் 2 விழுக்காட்டை மென்பொருள் பரப்பினால் கிடைப்பது 0.02 மட்டுமே. போதவில்லை என்று நீங்கள் அளவைக் கூட்டுவீர்கள். கூட்டினால், விளக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சுவரும் அதே அளவுக்கு ஒளிவிடத் தொடங்கும், ஏனென்றால் மென்பொருளின் கணக்கில் சட்டையும் 1, விளக்கும் 1. உண்மையில் எது ஒளிமூலம், எது வெறும் வெள்ளைத் துணி என்ற செய்தி வெட்டுப்பட்ட இடத்திலேயே தொலைந்துவிட்டது. ஃபில்டர் வேலைசெய்வது அந்த வெட்டு நிகழ்வதற்கு முன்னால்.

விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் கையால் தனித்தனியே மாஸ்க் போட்டு இதைச் சரிக்கட்டலாம் என்று சொல்வார்கள். ஒரு படத்திற்கென்றால் சரி, ஒரு நிகழ்ச்சியின் அத்தனை படங்களுக்கும் அப்படி உட்கார யாரால் முடியும்? ஆக, உச்சத்தில் வெட்டுப்படும் ஒளிமூலங்கள் சட்டகத்திற்குள் இருந்தால் ஃபில்டரை மாட்டுவேன். வெட்டுப்படும் பகுதியே இல்லாத சீரான, மென்மையான வெளிச்சத்தில் கணினி தரும் விளைவுக்கும் ஃபில்டர் தரும் விளைவுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால், அங்கே ஃபில்டரைக் கழற்றிவிடுவேன். வாடிக்கையாளரைப் பற்றிய எச்சரிக்கை நியாயமானது. ஒவ்வொரு அமைப்பிலும் ஃபில்டர் இல்லாமல் ஓரிரு படங்கள் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை ஃபில்டர்கள் இதற்கு வசதியானவை.

---

உருவப்பட ஆர்வலர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கருப்பு அட்டையை வைத்துப் பார்த்தேன். கூந்தலின் கருமை திரும்பி வருவதைத் திரையிலேயே காண முடிந்தது. சன்னல் சட்டகத்திற்குள் இருந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. அதே ஃபில்டரை 85 மி.மீ. லென்ஸில் மாட்டும்போது விளைவு அதிகமாகவும், 35 மி.மீ. லென்ஸில் குறைவாகவும் தெரிகிறது. இது என் பிரமையா, அல்லது உண்மையிலேயே குவியத் தூரத்தைப் பொறுத்து மாறுகிறதா? பிறகு, தோலை மென்மையாக்குவதற்கென்றே தனியாக ஃபில்டர்கள் உண்டா? கணினி முன் அமரும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

---

பழைய வில்லை எழுதியது:

பிரமை அல்ல. ஆனால் காரணத்தைப் பலரும் சென்சாரின் பக்கமிருந்து விளக்கப்போய்க் குழப்பிவிடுகிறார்கள். முகத்தின் பக்கமிருந்து பார்த்தால் எளிது.

ஃபில்டர் ஒளியைத் திருப்புவது ஒரு கோணத்தில். அந்தக் கோணம் கண்ணாடியின் இயல்பு. லென்ஸை மாற்றினால் அது மாறாது. அந்தக் கோணம் 2 பாகை என்று வைத்துக்கொள்வோம். முகம் 2 மீட்டர் தொலைவில் இருந்தால், முகம் இருக்கும் இடத்தில் அந்தக் கோணம் ஏறத்தாழ 7 செ.மீ. அகலத்தை அளக்கும். அதாவது நெற்றியின் பளபளப்பிலிருந்து கிளம்பும் ஒளிவட்டம் கன்னம் வரை எட்டும். முகம் 80 செ.மீ. தொலைவில் இருந்தால் அதே கோணம் அளப்பது 2.8 செ.மீ. மட்டுமே. ஒளிவட்டம் புருவத்தைத் தாண்டாது. 85 மி.மீ. லென்ஸில் ஒரு மார்பளவுப் படத்தை எடுக்க நீங்கள் 2 மீட்டர் அளவில் பின்னால் நிற்கிறீர்கள், 35 மி.மீ. லென்ஸில் அதே அளவு முகம் வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்குள் நெருங்கிவிடுகிறீர்கள். விளைவு மாறியதாகத் தெரிவதற்கு நீங்கள் நின்ற தொலைவுதான் காரணம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு லென்ஸை மட்டும் மாற்றி எடுத்து, இரண்டு படங்களிலும் முகத்தை ஒரே அளவுக்கு வெட்டி ஒப்பிட்டால், ஒளிவட்டத்தின் அகலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் காண்பீர்கள். ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் போன்ற சிறிய சென்சார்களுக்கும் இதே கணக்குதான். ஒரே இடத்தில் நின்று ஒரே சட்டகத்தை எடுத்தால், சென்சாரின் அளவு இதில் குறுக்கிடாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. தொலைவில் நின்று முழு உருவத்தை எடுக்கும்போது முகம் சட்டகத்தில் சிறியதாக இருக்கும். ஒளிவட்டமோ முகத்தையே விழுங்கும் அளவுக்கு அகன்றிருக்கும். ஆகவே முழு உருவத்திற்கு 1/8, நெருக்கமான முகப்படத்திற்கு 1/4 என்று வைத்துக்கொள்வது நியாயமானது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தோலுக்கென்று தனி ஃபில்டர்கள் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, அவற்றின் வேலைமுறையே வேறு. ஸைஸ் நிறுவனத்தின் சாஃப்டார் ஃபில்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அதன் பரப்பில் மழைத்துளி போலச் சிறுசிறு மேடுகள் ஆங்காங்கே இருப்பது தெரியும். ஒவ்வொரு மேடும் ஒரு குட்டி லென்ஸ். மேடுகளுக்கு இடையே உள்ள சமதளத்தின் வழியாகச் செல்லும் ஒளி கூர்மையான பிம்பத்தை உருவாக்க, மேடுகளின் வழியாகச் செல்லும் ஒளி அதன்மேல் சற்றே குவியம் தவறிய இன்னொரு பிம்பத்தைப் படியவைக்கிறது. ஒளி திரும்பும் கோணம் மிகச் சிறியது என்பதால், அது தொலைவுக்குப் போய் நிழலை வெளிறவைப்பதில்லை. தோல் துளையின் அளவிலேயே நின்று அதை நிரவிவிடுகிறது. ஹாஸல்பிளாட் கேமராவில் உருவப்படம் எடுத்தவர்களிடையே சாஃப்டார் பெயர்பெற்றிருந்ததற்கு இதுவே காரணம். I, II, III என மூன்று வலிமைகளில் அது கிடைத்தது. முகத்திற்கு முதல் எண்ணே பெரும்பாலும் போதுமானது. ஷ்னைடர் நிறுவனத்தின் கிளாசிக் சாஃப்டும் இதே கருத்தில் அமைந்ததுதான். அந்நிறுவனத்தின் ஹாலிவுட் பிளாக் மேஜிக், குட்டி லென்ஸ் வகையையும் மிஸ்ட் வகையையும் ஒரே கண்ணாடியில் சேர்த்துத் தருகிறது. தோலும் ஒளிவட்டமும் சேர்ந்தே வேண்டும் என்பவர்கள் அதை நாடலாம்.

குட்டி லென்ஸ் வகையில் ஒரு தொல்லை உண்டு, வாங்குவதற்கு முன்னரே தெரிந்துகொள்ளுங்கள். குவியம் தவறிய விளக்குகள் பின்னணியில் வட்டங்களாகத் தெரியும் அல்லவா, அந்த வட்டங்களுக்குள் மேடுகளின் அச்சு விழும். பொக்கே எனப்படும் இந்த வட்டம் ஒவ்வொன்றும், லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை, அதாவது அப்பர்ச்சரைப் பிரதிபலிப்பது. துளைக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்தே அதில் தெரியும். மிஸ்ட் வகையின் கரும்புள்ளிகளும் சில நேரங்களில் இப்படி அழுக்குப் புள்ளிகளாகத் தெரிவதுண்டு. அப்பர்ச்சரைக் குறைத்தால் வேறொரு சிக்கல். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்; எஃப்/8 அளவுக்குப் போனால் துளைக்கு எதிரே வரும் மேடுகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடுவதால், விளைவு சீராக இராது. இவ்வகையை எஃப்/2 முதல் எஃப்/4 வரை பயன்படுத்துவது பாதுகாப்பானது.

ஃபில்டரே வேண்டாம், லென்ஸிலேயே மென்மை வேண்டும் என்று போனவர்களும் இருக்கிறார்கள். 1935-இல் வந்த லைக்காவின் தம்பார் 90 மி.மீ. எஃப்/2.2 லென்ஸ் தன் கோளப்பிறழ்ச்சியை (நடுவிலும் விளிம்பிலும் புகும் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறையை) திருத்தாமல் வேண்டுமென்றே விட்டுவைத்தது. அதன் முன்னால் மாட்டும் ஒரு கண்ணாடியின் நடுவே உள்ள வெள்ளிப்பூச்சு வட்டம், கூர்மையான பிம்பத்தைத் தரும் நடுப்பகுதி ஒளியை மறைத்து, மென்மையான விளிம்பு ஒளியை மட்டும் உள்ளே விடும். அந்த லென்ஸை லைக்கா 2017-இல் மீண்டும் வெளியிட்டது. கேனன் 1987-இல் கொண்டுவந்த இஎஃப் 135 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் மென்மையை 0, 1, 2 என்று வளையத்தைத் திருப்பியே கூட்டலாம், குறைக்கலாம். இவற்றில் அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்க மென்மை மறைந்து கூர்மை திரும்பும். ஆனால் ஓரிரு உருவப்படங்களுக்காக இவற்றைத் தேடி வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்த லென்ஸ்களின் மேல் தனியாக ஒரு காதல் இருப்பவர்களுக்கானவை இவை.

---

தொகுப்பாளன் எழுதியது:

பொக்கே வட்டங்களைப் பற்றிய குறிப்பு மிகவும் பயனுள்ளது. படத்தில் அந்த அச்சு ஒருமுறை விழுந்துவிட்டால், ஒவ்வொரு வட்டமாகத் துடைத்து எடுக்க நேரிடும். கணினி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் ஃபில்டர் என்று எண்ணியவருக்கு அது இரட்டை வேலை.

ஃபில்டருடன் எடுத்த படத்தைத் திருத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் தாங்கள் விலைகொடுத்து வாங்கியதைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். படம் வெளிறியிருக்கிறது என்று கண்டதும் கை தானாக மென்பொருளின் டீஹேஸ் பக்கம் போகும். அது செய்வது புகைமூட்டத்தை நீக்கும் வேலை. ஃபில்டர் உண்டாக்கிய சிதறலும் அதன் கண்ணுக்குப் புகைமூட்டம்தான். டீஹேஸைக் கூட்டினால் நிழலின் கருமை திரும்புவதோடு ஒளிவட்டமும் சுருங்கி, ஓரங்களில் அழுக்கான நிறம் தங்கிவிடும். கிளாரிட்டியைக் கூட்டினாலும் ஏறக்குறைய இதே கதைதான். மாறாக, படத்தின் இருள்-ஒளி அளவுகளை மாற்றும் வளைகோடான டோன் கர்வில் இடதுபக்கக் கீழ்முனையைப் பிடித்துச் சற்று வலப்பக்கம் நகர்த்துங்கள். இருள் இடப்பக்கமும் ஒளி வலப்பக்கமுமாகப் படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், ஃபில்டருடன் எடுத்த படத்தில் இடது ஓரத்தில் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமை முடியும் இடத்துக்குச் சிறிது முன்னால் வரை முனையைக் கொண்டுவந்தால் போதும். கூந்தல் மீண்டும் கருமையாகும், விளக்கைச் சுற்றிய ஒளிவட்டமோ நடுத்தர வெளிச்சத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வெறுமையை முழுவதுமாக மூடிவிட்டால் படம் இறுகிப்போகும், கொஞ்சம் மிச்சம் வைப்பதே என் வழக்கம்.

நிழலில் உள்ள தோலின் நிறத்தையும் இந்தத் திருத்தத்திற்குப் பிறகே பார்க்க வேண்டும். சன்னலுக்கு வெளியே நீலவானம் இருந்தால், சிதறிய ஒளியும் நீலமாகத்தான் முகத்தின்மேல் படிந்திருக்கும். முழுப் படத்தின் ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, மாற்றினால் ஒளிபட்ட கன்னம் மஞ்சளாகிவிடும் என்பதால், நிழற்பகுதிக்கு மட்டும் சிறிது வெதுவெதுப்பான நிறத்தைக் கொடுப்பது சரியாக இருக்கும்.

---

ஒளியமைப்பாளர் எழுதியது:

குவியத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஃபில்டர் மென்மையாக்குகிறது என்பதற்காகக் கண்ணின்மேல் குவியம் சற்றுத் தவறினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாது. கூர்மையான பிம்பத்தின்மேல் படியும் மென்மை அழகு. குவியம் தவறிய பிம்பத்தின்மேல் படியும் மென்மை வெறும் மங்கல். 1/4 வரை ஆட்டோஃபோகஸ் பெரிதாகத் தடுமாறாது, ஆனால் அதைவிட மிகவும் வலிமையான கண்ணாடியுடன் குறைந்த வெளிச்சத்தில் எடுப்பவர்கள், ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு படத்தைப் பெரிதாக்கி இமை முடிகளைப் பார்த்துவிட்டு மேலே செல்லட்டும்.

ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தால், அதில் விழும் விளக்கின் பிரதிபலிப்பும் ஒரு ஒளிமூலம்தான் என்பதை நினைவில் வையுங்கள். முகவாயை ஓரிரு பாகை தாழ்த்தச் சொல்லியோ, விளக்கை உயர்த்தியோ அதை முதலில் அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு நேரே ஒரு வெண்படலம் நிற்கும். அதே காரணத்தால், கழுத்தை ஒட்டிய வெள்ளைக் காலர் நேரடி வெளிச்சத்தில் இருக்கும்போது அதன் ஒளி முகவாயின் கீழ்நிழலை அரித்துவிடும், தாடையின் வடிவமே தெளிவற்றுப்போகும். அந்த இடத்தில் உடையை மாற்றச் சொல்வதைவிட, காலருக்கு வரும் ஒளியை ஒரு சிறு அட்டையால் மறைப்பது எளிது.

---

பழைய வில்லை எழுதியது:

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் லென்ஸ்களில் பெரிய விட்டம் எதுவோ அதற்கு ஏற்ற ஃபில்டரை வாங்கி, மற்ற லென்ஸுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் வளையத்தைப் பயன்படுத்துங்கள். லென்ஸுக்கொன்றாக வாங்கத் தேவையில்லை. ஆனால் வளையம் மாட்டியதும் அந்த லென்ஸின் சொந்த ஹூடு பொருந்தாமல் போகும் என்பதால், ஃபில்டரின் முன்புறத்திலேயே திருகி மாட்டும் ஹூடு ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். 35 மி.மீ. லென்ஸில் அந்த ஹூடு சட்டகத்தின் மூலைகளை மறைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு, கண்ணாடியில் படியும் விரல் ரேகையும் ஒளியைச் சிதறவைக்கும், அதுவும் ஒரே திசையில் கோடாக இழுத்துக்கொண்டு. மிஸ்ட் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துகள்களே அழுக்குப் போலத் தெரிவதால், உண்மையான அழுக்கு கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

---

உருவப்பட ஆர்வலர் எழுதியது:

நெற்றியின் பளபளப்பு ஒளிவட்டம் விடுவதை என் இரவுப் படத்தில் இப்போது திரும்பிப் பார்த்தேன். அது பின்னணி விளக்கின் விளைவு என்றே இதுவரை எண்ணியிருந்தேன். 1/4 கண்ணாடியை நெருக்கமான படங்களுக்கு வைத்துக்கொண்டு, முழு உருவத்திற்கு 1/8 ஒன்றை வாங்குகிறேன். தோலுக்கு மாஸ்க் முறையையே முதலில் பழகிப்பார்க்கிறேன். டோன் கர்வ் திருத்தத்தைச் சன்னல் படத்தில் செய்து பார்த்ததில், கூந்தலில் கருமை மீண்டுவிட்டது. நிழற்கன்னத்தில் தொகுப்பாளன் சொன்ன நீலம் இருக்கத்தான் செய்கிறது, அதற்கு மட்டும் தனியே மாஸ்க் போட்டுக்கொண்டிருக்கிறேன்.